நைனா விரலுக்குப் பட்டைக் கம்பி

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. ஆகையால் அந்த வரியை அப்படியே தொங்கவிட்டு மேலே போகிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் ரிசப்ஷனில் உன் மெட்ராஸ் நண்பர்கள் வாசிக்கப் போகிறார்கள், நைனாவும் மேடை ஏறி ஒரே ஒரு பாட்டுக்காவது பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டும், வாசிக்காவிட்டால் உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாய் என்று எழுதியிருந்தாய். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் நைனா ஒரு ஒலிபெருக்கிக் கூம்பின் பின்பக்கத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "முடியாதுன்னு எய்திடு" என்றார். "அவ்ளோதானா?" என்றேன். "அவ்ளோதான். வேற இன்னா கீது?" என்று சொல்லி, வாயில் இருந்த திருகாணியை எடுத்துக் கூம்பில் வைத்துத் திருகினார்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு இன்லேண்டு கவரே அதிகம். ஆனால் நான் கோடு போட்ட தாள் ஒரு கத்தையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக பஸ் ஏறி இறங்கி முழங்கால் வீங்கினது ஒரு பக்கம் இருக்கட்டும், அது மஞ்சள் பற்றுப் போட்டால் இறங்கும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வார்த்தை சுமந்து சுமந்து வந்த அலுப்புக்குப் பற்று எதுவும் இல்லை. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, ஒரே வீட்டில், ஒரே பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "நைனாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளும்மா" என்று நீ சொல்ல, "போதும்னு சொல்லு அவன்கிட்ட" என்று அவர் சொல்ல, நான் கரண்டியோடு நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேன் என்று இரண்டு பேருக்குமே என்மேல் கோபம்.

உன் நைனாவைக் கட்டிக்கொண்ட நாள்முதல் நான் சொல்லிவரும் ஒரு கிண்டல் உண்டு. பேஸ் வாசிக்கிற மனிதர், பேசத்தான் மாட்டார். பெண் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு வந்தபோதே அப்படித்தான். உன் தாத்தா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் அண்டாவில் ஏதாவது ஒரு நிறம் கொதித்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை தன் வெள்ளைக் கைக்குட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பதினேழு வயது, வாலை எங்கே சுருட்டி வைப்பது என்று தெரியாத வயது. அதைக் கிளிப்பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்து, மடித்து, தரகர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். வேறொருவராக இருந்தால் சம்பந்தமே முறிந்திருக்கும். இவரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. கல்யாணத்தன்று பார்த்தால், பட்டுச் சட்டைப் பையில் அந்தக் கிளிப்பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய பதில் எல்லாம் அந்த மாதிரிதான் வரும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் கிடைக்காது, கண்ணால் பொறுக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அது பழகிவிட்டது. உனக்குப் பழகவில்லை. நீ என்னைக் கொண்டு பிறந்தவன், வாய் முந்திக்கொள்ளும்.

அந்த பேஸ் கிட்டார் உத்திரமேரூருக்கு வந்தது எழுபத்திரண்டிலோ எழுபத்து மூன்றிலோ. நீ அப்போது அரை நிஜாரில் இருந்தாய். பெரம்பூரில் ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவருக்கு எதற்கு இந்தத் தடி என்று ஊரே கேட்டது. சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தபோது கண்டக்டர், "இன்னா நைனா, பொணமா? லக்கேஜ் போட்டே ஆவணும்" என்று சண்டைக்கு நின்றாராம். ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரோடு அதை இணைத்து, டிரம்ஸ் ஏழுமலையையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். நாலே நாலு கம்பி. ஜெயிலுக்குப் போகாமலே உன் நைனா கம்பி எண்ண ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்த நாலு கம்பியும் பட்டைக் கம்பி. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதை உன்னைப் போலப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் நாள் துணியால் துடைக்கும்போது என் விரலே சொல்லிவிட்டது. ஜரிகையில் நடுவில் பட்டு இழை, அதன்மேல் சப்பையாகத் தட்டின வெள்ளித் தகடு சுற்றியிருக்கும், தடவினால் வழுக்கும். இதில் பட்டுக்குப் பதில் எஃகு, வெள்ளிக்குப் பதில் வேறு ஏதோ தகடு. அவ்வளவுதான் வித்தியாசம். முனையில் மட்டும் கொஞ்சம் பட்டு நூல் சுற்றியிருந்தது. "இன்னாங்க, உங்க கிட்டார் எங்க ஊட்டுப் பொண்ணு மாதிரியே கீது" என்றேன். அதன் சத்தம் வழுக்கலாக, தடிமனாக, "தும்" என்று விழும். விழுந்த இடத்திலேயே அடங்கும். இழுபறியே இல்லை. கேட்கிறவன் காதில் அது தனியாக ஏறாது. ஏழுமலை காலால் அடிக்கிற பெரிய டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, அந்த டிரம்முக்கே ஒரு ராகம் வந்த மாதிரி இருக்கும். ஒரு கல்யாணத்தில் பாட்டு நடுவில் மைக் கூவியது என்று உன் நைனா வாசிப்பதை விட்டுவிட்டு அதைச் சரிசெய்ய எழுந்து போனார். பாடிக்கொண்டிருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏழுமலையிடம், "தரை இல்லாத மாதிரி இருந்துச்சுப்பா" என்றாராம். விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார், கம்பி அறுந்தால் ஒழியக் கழற்றாதே, பட்டைக் கம்பி பழசாகப் பழசாகத்தான் நல்லது என்று. பத்து வருஷத்துக்கு மேல் அது அறவும் இல்லை, அவர் கழற்றவும் இல்லை.

பிறகு நீ படிக்கப் போகிறேன் என்று மெட்ராஸுக்குக் கம்பி நீட்டினாய். நீட்டினவன் திரும்பி வரும்போது கம்பியோடு வந்தாய். யாரோ சிநேகிதனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது, உருட்டுக் கம்பி. எஃகின்மேல் உருண்டைக் கம்பியையே நெருக்கிச் சுற்றினது. விரலை ஓட்டினால் அரத்தில் ஓட்டினது போலச் சொரசொரவென்று இருந்தது. பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் திருவிழாக் கச்சேரி இருந்த நாள் அது. காலை நாஷ்டாவுக்கு உன் நைனா உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, பட்டைக் கம்பி நாலையும் கழற்றி, உன் கம்பியைப் பூட்டி, சுதி சேர்த்து, ஒரு தட்டு தட்டினாய் பார். அடுப்படியில் எவர்சில்வர் தட்டு தானாக அதிர்ந்தது.

"இன்னாடா இது, பாத்திரக் கடையில பூனை பூந்த மேரி கீது" என்றார் உன் நைனா, இட்லி கையோடு எழுந்து வந்து.

"இதான் நைனா சத்தம். உன்து செத்த சத்தம். போர்வைக்குள்ள பேசற மேரி."

"போர்வை இல்லாம படுத்துப் பாரு, தெரியும்."

"வெள்ளைக்காரன் ராக் பேண்டு கேசட்டைக் கேட்டியா நீ? அதுல பேஸ் மூலையில குந்திக்கினு இருக்காது. முன்னாடி வந்து உறுமும். அதுக்குக் கம்பி புதுசா இருக்கணும், உருட்டா இருக்கணும். ஒரு மாசம் ஆனா அதுவும் செத்துடும், மாத்தணும்."

"மாசம் ஒருக்கா சாவற கம்பியை எதுக்குடா பெத்து வளக்கணும்?"

நடுவில் ஏழுமலை வந்து, "ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா, பேஜார் பண்ணாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வந்துடும்" என்றார். நீயே கடைசியில் இறங்கி வந்து, பழைய ராக் ரெக்கார்டுகளில் பாதி பட்டைக் கம்பிதான், அந்தக் காலத்தில் வேறு எது இருந்தது, அப்புறம் வந்தவர்கள்தான் மாற்றினார்கள் என்று ஒப்புக்கொண்டாய். அந்த வார்த்தை உன் நைனா காதில் விழுந்ததோ இல்லையோ, என் காதில் விழுந்தது. ஆனால் அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்குள் பழைய கம்பி பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று.

அப்போதுதான் நான் நாட்டாமை செய்யப் போனேன். மெட்ராஸில் புதுக் கம்பி கிடைக்காதபோது பழைய உருட்டுக் கம்பியை வெந்நீரில் கொதிக்கவைப்பார்கள், சுற்றின இடுக்கில் சேர்ந்த அழுக்கு போய்ப் பழையபடி கணீரென்று ஆகிவிடும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அது புதிதே இல்லை. கச்சாப் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு அவித்துத்தான் பசை எடுப்போம். அவித்த பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பே வரும். சரி, அவருக்கு அவர் கம்பி, உனக்கு உன் பளபளப்பு, இரண்டு பேர் வாயையும் ஒரே அண்டாவில் மூடிவிடலாம் என்று, பட்டைக் கம்பி நாலையும் சோப்பு சோடாவோடு கொதிக்க வைத்தேன். அத்தோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கும். வெந்த பட்டு நூல் சிட்டத்தை முளையில் மாட்டி, குச்சி கொடுத்து, நீர் சொட்ட முறுக்கிப் பிழிவது எங்கள் வீட்டுக் கைப்பழக்கம். கை தானாகப் போய், நாலு கம்பியையும் சேர்த்து ஜன்னல் கம்பியில் மாட்டி முறுக்கிவிட்டது! சாயக்காரன் மகளைத் தவிர உலகத்தில் எவளும் இதைச் செய்திருக்க மாட்டாள். எஃகு எங்கெங்கோ மடங்கி நெளிந்தது, தகடு வாயைப் பிளந்தது, முனைப் பட்டு நூல் பிரிந்து தலைவிரிகோலமாக நின்றது. பூட்டிப் பார்த்தபோது வண்டு புகுந்த மாதிரி "சர்ர்" என்றது. ஏழுமலை அண்டாவை எட்டிப் பார்த்து, "வெந்துடுச்சா அண்ணி? எலை போடட்டுமா?" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் நைனாவும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

வேறு வழியில்லாமல் அன்றைக்குப் பெருநகரில் உன் கம்பியில்தான் வாசித்தார். நீ மேடைக்குக் கீழே நின்றாய், நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டோம். முதல் பாட்டிலேயே பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். அத்தனை வருஷத்தில் பேஸுக்கு என்று விசில் விழுந்தது அன்றைக்குத்தான். ஏன் என்று வேனில் திரும்பி வரும்போது அவரே சொன்னார். அவர் அவ்வளவு பேசினது எனக்கே அதிசயம். "நம்ம கூம்புக்குள்ள தடிச் சத்தம் போவாதுடி. தும்முன்னு போனா, எறும்பு இருமுன மேரிதான் வெளிய வரும். இத்தினி வருசம் மேடைல கீறவனுக்குத்தான் நான் வாசிச்சது கேட்டிருக்கு. இவன் கம்பில மேல்சத்தம் கீது. அது கூம்பைத் தாண்டிப் போவுது." நீ முன்சீட்டில் தூங்கிவிட்டிருந்தாய். தூங்கியிருக்கக் கூடாது. அவர் அதை உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். விடிந்ததும் நீ மெட்ராஸுக்குப் போய்விட்டாய்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. சொல்லாதே என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை, தலையை நகர்த்திக்கொண்டேன், ஆகையால் இது துரோகம் ஆகாது. அவருக்கு அந்த விசில் பிடித்துப்போயிற்று. உன் கம்பியைக் கழற்றவே இல்லை. அடுத்தடுத்துக் கல்யாணம், திருவிழா என்று ஒத்துக்கொண்டு வாசித்தார். நீ பிளாஸ்டிக் வில்லையால் சுண்டி வாசிப்பாய், அவர் விரலால் வாசிப்பவர். அதுவும் தடித்த, விறைத்த பட்டைக் கம்பியை இழுத்து வாங்கிப் பழகின கை. உன் கம்பியோ மெலிசு, அரம் மாதிரி சொரசொரப்பு. அதையும் அதே வேகத்தில் இழுத்தார். வலது கையில் இரண்டு விரலும் கொப்பளித்தது, உடைந்தது. மைக் செட்காரர் அல்லவா, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு வாசித்தார். நான் கேட்டால், "ஷாக் அடிச்சிச்சு" என்பார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் ஸ்பூன் கேட்டார். உன் நைனா, ஸ்பூன்! டேப்பைப் பிரித்தேன். அதற்குமேல் எழுத வேண்டாம். அவருக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்கே அன்றைக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு நகத்தோடு போயிற்று. புண் ஆறுவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. இனிமேல் அந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "புள்ள ஆசையா வாங்கிக்கினு வந்து பூட்டுனது. அவன் காதுக்கு இது போவக்கூடாது. தெரிஞ்சா அப்புறம் கம்பியையே தொட மாட்டான் அவன்."

அடுத்த விடுமுறையில் நீ வந்தாய். கிட்டார் உறைக்குள் கிடந்ததைப் பார்த்தாய். உன் வாய் முந்திக்கொண்டது. "என் கம்பி புடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே? கோச்சிக்கினு கிட்டாரையே மூலையில போட்டுட்டியா?" என்றாய். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் சொன்னார், "ஆமாண்டா, புடிக்கல. இன்னா இப்போ?" அந்தப் பொய்யைத்தான் நீ இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். அவரும்தான். நான் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறேன். அவருக்கு உன் கம்பி பிடிக்காமல் இல்லை, ராசா. பிடித்துப்போய்தான் விரலைக் கொடுத்தார்.

உன் கல்லூரி விழாவுக்கு நீ என்னை மட்டும் கூப்பிட்டாயே, அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கச்சேரி முடிந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "காது இரண்டும் பத்திரமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நான் கேட்டதைச் சொல்கிறேன். தனியாக நீ வாசித்தபோது அந்த உறுமல் எனக்கு நன்றாகவே இருந்தது. பெருநகர்ப் பையன்களோடு நானும் விசில் அடித்திருப்பேன். மற்ற இரண்டு கிட்டாரும் சேர்ந்துகொண்ட பிறகு எல்லாமே மேலே கணீர் கணீர் என்று கத்தின, எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே கூம்பு இல்லை, பெரிய பெரிய பெட்டிகள் நின்றன. அதில் தடிச் சத்தம் தாராளமாகப் போகும். அந்த இடத்தில் பட்டைக் கம்பி போட்டிருந்தால் தரை வந்திருக்குமோ என்னவோ. நீ மாட்டேன் என்பாய், அது உன் பாடு. எனக்குத் தெரிந்ததெல்லாம், உங்கள் இரண்டு பேர் கம்பியும் சரிதான், இடம்தான் மாறிப்போயிற்று. கூம்பு இருந்த ஊரில் உன் நைனா பட்டைக் கம்பியோடு பத்து வருஷம் காத்துக் கிடந்தார். பெட்டி இருக்கிற ஊரில் நீ உருட்டுக் கம்பியோடு கத்திக்கொண்டிருக்கிறாய்.

ஐயங்கார்குளத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். நல்ல பெண். நாங்கள் நிச்சயத்துக்குப் போனபோது, அவளுடைய தம்பி காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள்தான் செய்யச் சொல்லியிருப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை; கம்பியை முறுக்கிப் பிழிந்தவள் நான். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உனக்கு யாரோடாவது மனஸ்தாபம் வந்தால், என்னோடு வந்தாலும் சரி, நைனாவோடு வந்தாலும் சரி, நீயே நேரில் போய்ச் சண்டை போடு. அவளை நடுவில் நிற்கவைத்து, "சொல்லு", "கேளு" என்று தபால்காரி ஆக்காதே. அந்த வேலைக்கு ஓய்வும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. தன் சொந்த வார்த்தை என்ன என்பதே மறந்துபோகும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, நான் உன்னிடம் சொல்ல நினைத்தது எது, அவர் சொல்லச் சொன்னது எது என்று பிரிக்கவே எனக்கு ஒரு பொழுது ஆயிற்று.

இனி நீ செய்ய வேண்டியது. மவுண்ட் ரோடு கடைகளில் பட்டைக் கம்பி கிடைக்காது என்பாய், கிடைக்காதுதான். சிங்கப்பூர் அண்ணனைக் கேள், ஓட்டல்களில் வாசிக்கும் பெரியவர்களைக் கேள், யாரிடமாவது பழசு சுருட்டி வைத்திருப்பார்கள். பழசானால் இன்னும் நல்லது. தடிமன் பார்த்து வாங்கு, மெலிசு அவர் கைக்கு நிற்காது. கிடைக்கவில்லை என்று உன்னுடைய தேய்ந்த உருட்டுக் கம்பியைக் கொண்டுவந்து, "செத்துப்போன கம்பிதான், ஒன்றும் செய்யாது" என்று மட்டும் சொல்லாதே. பழசானால் அதன் சத்தம்தான் மங்கும், சொரசொரப்பு மங்காது. டாக்டரையும் கேட்டுவிட்டேன். வழுவழுப்பாக இருந்தால் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு பரவாயில்லை என்றார். கிடைத்தால் தபாலில் அனுப்பாதே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே எடுத்துக்கொண்டு வா. நகம் போன விரலால் அவருக்குக் கம்பி முனையை இழுத்துப் பிடித்து முறுக்காணியில் சுற்ற வராது; நீதான் பூட்டித் தர வேண்டும். பூட்டும்போது மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, எழுந்து போய்விடுவார். சுதி சரியா என்று மட்டும் கேள்.

இத்தனை தாளையும் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து நின்றார். "முடியாதுன்ற ஒரு வார்த்தைக்கு இத்தினி பக்கமா?" என்றார். "நான் எழுத்துக் கூட்டி எழுதறேங்க, லேட்டாவும்" என்றேன். "வெரலைப் பத்தி எய்தினியா?" என்றார். நான் பேனாவை மூடினேன். இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டது அது. கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

கிழிக்கவில்லை. அலமாரியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார். வாசிப்பதை விட்டதிலிருந்து இரண்டு கை நகமும் அது பாட்டுக்கு வளர்ந்து கிடந்தது. இடது கை நகங்களை மட்டும் ஒவ்வொன்றாக, சதையோடு ஒட்ட வெட்டினார். கம்பியை அழுத்திப் பிடிக்கிற கை அது. நகம் இருந்தால் அழுத்த வராது. வெட்டி முடித்து, விரல் நுனிகளைக் கட்டைவிரலில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டார். முடியாது என்று எழுதச் சொன்ன மனிதர். எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன், பார்த்ததையும் எழுதிவிட்டேன். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று இனி நீ முடிவு செய்துகொள். எனக்குக் கை வலிக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா